பெயர் யாருக்குச் சொந்தம்?

வன்னிப் பெருநிலப்பரப்பிலே பட்டி வைத்து மாடு வளர்த்த குடும்பங்கள் தத்தம் மாடுகளுக்குக் குறி சுடுவது நெடுநாளைய வழக்கம். காட்டோரத்திலும் தரவையிலும் திரியும் மாட்டுக்கு வேலி இல்லை. தன் உடையவன் இன்னான் என்று சொல்ல வாயும் இல்லை. பத்துப் பட்டி மாடுகள் ஒன்றாக மேய்ந்தாலும், எந்த மாடு யாருக்கு உரியது என்பதைச் சுட்ட குறியே சொல்லிவிடும். மாட்டைத் தேடி அயலூருக்குப் போகிறவன் நிறத்தையும் கொம்பையும் சொல்லுவதோடு நிற்பதில்லை, குறியையும் சொல்லுவான். நிறத்தில் ஒன்றைப் போல் ஒன்று இருக்கலாம். குறி அப்படி இருத்தலாகாது.

வாயில்லாப் பிராணியைச் சுடுவது தகுமா என்பது வேறு விஷயம். நாம் இன்று எடுத்துக்கொண்டது குறி என்ற சொல்லை மட்டுமே. சவர்க்கார உறையிலும் தேயிலைப் பெட்டியிலும் நாம் காணும் பெயரையும் சின்னத்தையும் ‘வியாபாரக் குறி’ என்கிறோம். ஆங்கிலேயர் ‘பிராண்ட்’ என்று வழங்கும் சொல்லும் நெருப்பிற் சுடுதல் என்னும் பொருளிலிருந்து பிறந்ததே. பட்டியிற் பிறந்த வழக்கம் கடைத்தெருவுக்கு வந்து, இப்பொழுது கணினிக்குள்ளும் புகுந்திருக்கிறது.

கணினிக்குள் அது புகுந்தபோதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. திறந்த மூல மென்பொருள் என்று ஒரு வகை உண்டு. அதை எழுதியவர்கள் அதன் மூலநிரலை மறைத்து வைப்பதில்லை. யாரும் படிக்கலாம், எடுத்து ஆளலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். இப்படி எல்லாவற்றையும் கொடுத்தவர்கள், “பெயரை மட்டும் எங்களைக் கேளாமல் எடுக்காதீர்கள்” என்று சொல்லுகிறார்கள். இது முரணல்லவா என்ற கேள்வி கணினி பயிலும் எந்த மாணவனுக்கும் எழக்கூடியதே.

இதற்கு விடை நம் வயற்கரையிலேயே இருக்கிறது. காலபோகத்துக்கு விதைநெல் தேடும் கமக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த பி.ஜி. 352 என்னும் நெல்லை யாரும் விதைக்கலாம். விளைந்ததில் ஒரு பங்கை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம்; அயலாருக்குக் கைமாற்றாகவும் கொடுக்கலாம். நெல் பொது. ஆனால் விவசாயத் திணைக்களத்தார் வயலையும் மணியையும் சோதித்துக் கட்டும் அத்தாட்சிச் சீட்டை, சோதியாத மூடையில் நாம் கட்டலாகாது. அப்படிக் கட்டினால் ஏமாறுகிறவர் யார்? நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே கலப்பு அறியக்கூடிய முதிய கமக்காரர் ஏமாறமாட்டார். சீட்டை நம்பி வாங்குகிற புதியவரே ஏமாறுவார். மென்பொருளிலும் அப்படித்தான். மூலநிரலைப் படித்து நன்மை தீமை அறியக்கூடியவர் சிலர். பெயரைப் பார்த்து நம்புகிறவர் பலர். அந்தப் பலருக்குக் கொடுத்த வாக்குறுதியே பெயர்.

இதை நாம் சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது இலங்கைக் கரையெங்கும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவுக் கரை பட்ட பாட்டை இங்குள்ள குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் உயிர் பிழைத்தவர்கள் சோற்றுக்கு அடுத்தபடியாகக் கேட்டது பெயர்களையே. எந்த முகாமில் யார் இருக்கிறார்கள்? பிள்ளையைக் கண்டவர் உண்டா? ஆஸ்பத்திரியில் இருப்பவர் பட்டியல் எங்கே? கையால் எழுதிய பட்டியல்கள் ஒன்றோடொன்று சேராமற் கிடந்தன.

அந்நாட்களிலே கொழும்பில் மென்பொருள் எழுதும் தொண்டர்கள் கூடி, காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, எவ்விடத்துக்கு எது தேவை என்னும் கணக்கு ஆகியவற்றை ஒன்றாய்ச் சேர்க்கும் மென்பொருளொன்றை விரைந்து ஆக்கினர். அதற்கு இட்ட பெயர் ‘சகானா’. தமிழருக்கு இது ஓர் இராகத்தின் பெயராகவே முதலிற் செவியில் விழும். சிங்களத்திலோ நிவாரணம், ஆறுதல் என்பது பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பு அதைப் பேணி வளர்த்து, திறந்த மூல மென்பொருளாக உலகுக்கு அளித்தது. 2005 இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2006 இல் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் மலை சரிந்தபோதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலம் அதிர்ந்தபோதும், 2010 இல் ஹெய்ட்டி நாடு இடிந்து விழுந்தபோதும் நம் தீவிற் பிறந்த இந்த மென்பொருள் அங்கெல்லாம் சென்று பணி செய்தது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்கென வழங்கும் விருதும் 2006 ஆம் ஆண்டுக்கு இதற்கே கிடைத்தது.

இப்பொழுது ஒன்றை எண்ணிப் பாருங்கள். அழிவு நேர்ந்த இடத்தில், மகளைத் தேடும் தாய் ஒருத்தி, சகானா என்ற பெயரைக் கண்டு, மகளின் வயதையும் அடையாளத்தையும் தன் இருப்பிடத்தையும் அதிற் பதிகிறாள். நிரல் பொது ஆதலின், அதைப் பிரதி செய்து அதே பெயரில் தீயவன் ஒருவன் கடை விரிக்க இயலும். முகாமிலுள்ள அனாதைப் பிள்ளைகளின் விவரம் அவன் கைக்குப் போனால் வரும் கேட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. நிரலை எடுக்காதே என்று தடுத்தால் அடுத்த நாட்டுக்கு உதவி போய்ச் சேராது. பெயரைக் காவாது விட்டால் உதவியை நம்ப முடியாது. ஆகையால் நிரலைத் திறந்து விடுவதும் பெயரைக் காப்பதும் ஒரே நோக்கத்தின் இரு கைகள்.

பெயரைக் காக்க வேண்டும் என்பது சரி, காப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு உலகம் சற்றுத் துன்பப்பட்டே விடை கண்டது.

1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணினியை இயக்கும் பணிசெயல் முறைமை ஒன்றின் கருவை எழுதினார். அதற்கு ‘பிரீக்ஸ்’ என்று பெயரிட எண்ணியிருந்தார். அதைப் பொதுவில் வைக்க இடம் கொடுத்த நண்பருக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. ‘லினக்ஸ்’ என்று எழுதி வைத்துவிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. பெயரைப் பதிவு செய்ய யாரும் நினைக்கவில்லை. 1994 இல், அந்த வேலையில் எள்ளளவும் பங்கு கொள்ளாத ஒருவர் அமெரிக்காவில் ‘லினக்ஸ்’ என்பதைத் தம் வியாபாரக் குறியாகப் பதிய விண்ணப்பித்தார். 1995 இல் பதிவும் கிடைத்துவிட்டது. 1996 இல், அப்பெயரை வழங்கி வந்த நிறுவனங்களுக்கு, வருவாயிற் பத்து வீதம் தருக என்று கடிதங்கள் போயின. ஊரார் வெட்டிய குளத்துக்கு வழிப்போக்கன் வந்து வரி கேட்டதைப் போன்ற கதை. வழக்குத் தொடுத்த பின்னரே, 1997 இல் சமரசம் ஏற்பட்டு, அந்தக் குறி டோர்வால்ட்ஸின் கைக்கு வந்தது. காவாத பெயரைக் கள்ளன் கொண்டுபோவான் என்பது இதனாற் கிடைத்த முதற் பாடம்.

நிற்க. காவலும் அளவு மீறினால் சுமையாகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. நம்மிற் பலர் அறிந்த பயர்பொக்ஸ் என்னும் இணைய உலாவி, 2002 இல் ‘பீனிக்ஸ்’ என்ற பெயரோடு பிறந்தது. அப்பெயருடைய கணினி நிறுவனம் ஒன்று ஆட்சேபித்தது. 2003 இல் ‘பயர்பேர்ட்’ என்று மாற்றினர். அப்பெயரிலே ஏற்கெனவே திறந்த மூலத் தரவுத்தளம் ஒன்று இருந்தமையால் அதன் அன்பர்கள் சினந்தனர். 2004 பெப்ரவரியிலே ‘பயர்பொக்ஸ்’ ஆயிற்று. இவ்வாறு பெயருக்காக இருமுறை அல்லற்பட்ட மொசில்லா, கிடைத்த பெயரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது. எங்கள் சம்மதமின்றித் திருத்திய உலாவியை எங்கள் பெயரில் வழங்கலாகாது என்றது. ‘டெபியன்’ என்னும் தொண்டர் கூட்டமோ, தம் பயனாளருக்கு வேண்டிய திருத்தங்களை யாரையும் கேளாமற் செய்வதே சுதந்திரம் என்று கருதியது. 2006 இல் இரு சாராரும் முட்டிக்கொண்டனர். முடிவில் டெபியன் அதே உலாவியை வேறு பெயரில் வழங்கலாயிற்று. பயர்பொக்ஸ் என்றால் நெருப்பு நரி. டெபியன் இட்ட பெயர் ‘ஐஸ்வீசல்’, அதாவது பனிக்கட்டி மரநாய்! பத்து ஆண்டுகள் நரியும் மரநாயுமாய் இருந்தபின், 2016 இல் இணக்கம் ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது.

இதில் யார் பக்கம் நியாயம்? நம் மனத்துக்கு இரு பக்கமும் நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது. திருத்தியவன் தவறு செய்தால் பழி பெயருக்கு உரியவனைச் சேரும் என்பது மெய். ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் வாசலில் நின்று அனுமதி கேட்கச் செய்வது, கொடுத்த சுதந்திரத்தைக் கொல்லைப்புறத்தால் திரும்ப எடுப்பதாகும் என்பதும் மெய். ஆயினும் இந்தச் சண்டையில் நாம் மதிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர் போனபோதும் நிரல் போகவில்லை. டெபியன் தொண்டர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தனர். அவ்வளவு சுதந்திரமாவது இருந்தது.

மூன்றாவது கதை இன்னும் கூரியது. ‘ஓப்பன் ஒபிஸ்’ என்னும் எழுத்துவேலை மென்பொருளைப் பல நாட்டார் கூடி வளர்த்தனர். ஆனால் பெயர் சன் என்ற நிறுவனத்திடம் இருந்தது. 2010 இல் ஒரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியபோது, பெயரும் அதனோடு போயிற்று. வளர்த்தவர்களிற் பலர் அதே ஆண்டு செப்டெம்பரிற் பிரிந்து, தமக்கென ஓர் அறக்கட்டளை அமைத்தனர். பழைய பெயரைத் தரும்படி கேட்டனர், கிடைக்கவில்லை. ‘லிப்ரே ஒபிஸ்’ என்ற புதுப் பெயரோடு புறப்பட்டனர். 2011 இல் ஒரக்கிள் அந்தப் பழைய பெயரை அப்பாச்சி என்னும் வேறோர் அமைப்புக்குக் கொடுத்தது. கூடி உழைத்தவர்களுக்கு நிரல் மிஞ்சியது. பல ஆண்டுகள் தேடிய பெயர் மிஞ்சவில்லை. இன்று தமிழ் இடைமுகத்தோடு நாம் எடுத்து ஆளக்கூடிய லிப்ரே ஒபிஸ், பெயரை இழந்தவர்களின் பிள்ளை.

இந்த மூன்று கதைகளையும் மனத்திற் கொண்டு சகானாவை மறுபடி நோக்கினால், அதனை நடத்தியோர் செய்த ஒரு காரியத்தின் அருமை விளங்கும். கொழும்பில் ஓர் அமைப்பின் மடியில் வளர்ந்த அந்த முயற்சி பல நாடுகளுக்குப் பரவியபின், 2009 இல் அதற்கென்றே இலாப நோக்கற்ற தனி அறக்கட்டளை ஒன்று கலிபோர்னியாவிற் பதிவு செய்யப்பட்டது. பிறந்த வீட்டை விட்டுப் போயிற்றே என்று நாம் சிறிது வருந்தலாம். ஆனால் ஒருவர் கையிலோ ஒரு கொம்பனியின் கையிலோ சிக்காமல், அதன் பணிக்கென்றே அமைந்த பொது மடியில் வைப்பதே இத்தகைய முயற்சிக்குப் பாதுகாப்பு. கோயிற் சொத்தை அர்ச்சகர் பெயரிலும் எழுதுவதில்லை, தேர் செய்த ஆசாரியார் பெயரிலும் எழுதுவதில்லை, தர்மகர்த்தாக்களிடம் ஒப்புவிக்கிறோம். அதுபோலத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்கே பயிலும் நான்கு மாணவர்கள் கூடி, குளத்து நீர்மட்டத்தையும் மழையையும் கணக்கிட்டு, கீழ்ப்புறத்து ஊர்களுக்கு முன்னறிவித்தல் தரும் மென்பொருள் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வீணான கற்பனை அன்று. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அம்மென்பொருளுக்கு ‘வான்கதவு’ என்று பெயரிட்டுப் பொதுவுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்.

முத்தையன்கட்டுக் குளத்துக்கென வேறொருவர் அதை எடுத்துத் திருத்துகிறார். கணக்கிற் பிழை விடுகிறார். அதே பெயரில் வெளியிடுகிறார். தொலைபேசியில் ‘வான்கதவு’ என்ற பெயரைக் கண்டு, இன்றிரவு பயமில்லை என்று ஒரு குடும்பம் உறங்கப் போகிறது. அல்லது, நால்வரில் ஒருவர் பெயரைத் தம் ஒருவர் பேரிற் பதிந்துகொண்டு வெளிநாடு போய்விடுகிறார். ஐந்து ஆண்டு உழைத்த மற்ற மூவரும் அப்பெயரைச் சொல்லக்கூடாதவர்கள் ஆகின்றனர். முதலாவதிற் பயன்படுத்துபவர் கெடுகிறார்; இரண்டாவதில் உழைத்தவர் கெடுகிறார். இரண்டையும் தடுக்க, தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுது கூடிப் பேசினாற் போதும்.

பேசவேண்டியவை நான்கு. முதலாவது, பெயரைத் தேர்தல். இன்ன தொழில் என்று அப்படியே சொல்லும் பெயரைக் குறியாகக் காப்பது கடினம்; ‘நெல்’ என்பதை நெல் வியாபாரி ஒருவர் தமக்கே உரியதாக்க முடியாதல்லவா? தமிழில் தட்டெழுத உதவிய ‘எ-கலப்பை’ என்ற மென்பொருளைப் பாருங்கள். கலப்பைக்கும் தட்டெழுத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை. அதனாலேயே அப்பெயர் மனத்தில் ஊன்றியது. ‘வான்கதவு’ குளத்தோடு ஒட்டிய சொல் ஆதலின் சற்று யோசிக்க வேண்டிய பெயரே.

இரண்டாவது, அப்பெயர் வேறெவரிடமும் உண்டா என்று தேடுதல். முல்லைத்தீவிலும் ஒரு புதுக்குடியிருப்பு உண்டு, மட்டக்களப்பிலும் ஒன்று உண்டு, தபால்காரர் மயங்குவதில்லை. வியாபாரக் குறியிலும் பொருள்களையும் சேவைகளையும் நாற்பத்தைந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மென்பொருள் ஒன்பதாம் வகுப்பு. அரிசி ஆலை ஒன்றும் மென்பொருள் ஒன்றும் ஒரே பெயரோடு பெரும்பாலும் வாழலாம். இரண்டு மென்பொருள்கள் வாழ்வது அரிது.

மூன்றாவது, பெயரை யார் பொறுப்பில் வைப்பது என்று எழுதி வைத்தல். நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குறிகளைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திற் பதியலாம். பதிவு பத்து ஆண்டு செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பதியக் கையிற் பணம் இல்லையென்றாலும், “இப்பெயர் நம் கூட்டத்துக்கு உரியது, தனியொருவருக்கு அன்று” என்று நால்வரும் ஒப்பமிட்ட ஒரு தாள் பின்னாளிற் பெரிய வழக்கைத் தடுக்கும்.

நான்காவது, பிறர் பெயரை எப்படிச் சொல்லலாம் என்று தெளிவாக்குதல். 2004 இல் வந்த அப்பாச்சி அனுமதிப் பத்திரம் நிரலைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வியாபாரக் குறியைக் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அந்த வெளிப்படை வேண்டும். “வான்கதவு மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது” என்று உண்மை சொல்லுகிறவரைத் தடுப்பது முறையன்று. “இதுவே வான்கதவு” என்று சொல்லுகிறவரைத் தடுப்பது கடமை. இதே நாணயத்தை நாமும் காட்டவேண்டும். பிறர் எழுதியதைத் திருத்தி வெளியிடும்போது புதுப் பெயர் இட்டு, மூலத்தின் பெயரை நன்றியோடு குறிப்பிட்டுவிட்டால், இருவர் மானமும் காப்பாற்றப்படும்.

சுருங்கச் சொன்னால், அறிவைப் பூட்டி வைப்பவனுக்கும் பெயரைக் காப்பவனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னவன் பிறரைத் தடுக்கிறான். பின்னவன், “இதற்கு நான் பொறுப்பு” என்று தன்னைத்தானே கட்டிக்கொள்கிறான். குறி சுட்ட மாடு அயலவன் வயலை மேய்ந்துவிட்டால், நட்டத்துக்கு யாரிடம் போவது என்பதையும் அந்தக் குறியே காட்டிக்கொடுக்கும். உரிமை கொண்டாட மட்டும் குறி வேண்டும், பொறுப்பேற்க வேண்டாம் என்பவன் குறி சுடாமல் இருப்பதே நன்று.